நாள்பட்ட வலிக்கு மூச்சுத் தியானம்: ஒலிப்பதிவா, வகுப்பா, முகாமா, தானே எண்ணுவதா?

முதுகு வலி, முடக்குவாதம், கழுத்தெலும்புத் தேய்மானம், ஃபைப்ரோமயால்ஜியா (உடம்பெங்கும் பரவி நீடிக்கும் வலி), ஒற்றைத் தலைவலி என்று மாதக்கணக்கில் அவதிப்படுகிறவர்களிடம் ஏதோ ஒரு கட்டத்தில் மருத்துவர், "தியானம், மூச்சுப் பயிற்சி ஏதாவது செய்து பாருங்களேன்" என்பார். எதை, எப்படி, எவ்வளவு நேரம் என்று விளக்க அவருக்கு நேரமிருக்காது. வீட்டுக்கு வந்து யூடியூபைத் திறந்தால் நூறு குரல்கள். அடுத்த தெருவில் யோகா வகுப்பு. பத்து நாள் முகாமுக்குப் போய்வந்த சித்தப்பா அதுதான் ஒரே வழி என்கிறார். இவற்றில் எது யாருக்கு ஒத்துவரும் என்று பார்ப்போம்.

முதலில் எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொள்ள வேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் அல்லது விட்டுவிட்டுத் திரும்பும் வலியைத்தான் நாள்பட்ட வலி என்கிறார்கள். மூச்சைக் கவனிப்பதால் தேய்ந்த மூட்டு வளராது, விலகிய டிஸ்க் உள்ளே போகாது. வலியில் இரண்டு பங்கு உண்டு. ஒன்று, அது எவ்வளவு கடுமையாக இருக்கிறது என்பது. மற்றது, அது நம்மை எவ்வளவு படுத்துகிறது என்பது: பயம், எரிச்சல், தசை இறுக்கம், தூக்கமின்மை எல்லாம் இதில் சேர்த்தி. தியானம் பெரும்பாலும் இரண்டாவதில்தான் கை வைக்கிறது. முதலாவதும் குறையலாம். அதையே நம்பி உட்கார்ந்தால் மூன்றாம் நாளே ஏமாற்றம்தான்.

புதிதாகக் காலில் பலமின்மை, சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாடின்றிப் போவது, வலியோடு காய்ச்சல், காரணமில்லாத எடை இழப்பு, நெஞ்சு வலி ஆகியவை இருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்கானது அல்ல. இன்றே மருத்துவரைப் பாருங்கள்.

## எதை வைத்து அளப்பது

"எது சிறந்த தியானம்" என்று கேட்டால் அவரவர் தம்முடையதைச் சொல்வார்கள். வலியுள்ளவர் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு.

- வலி உச்சத்தில் இருக்கும்போது இது கைகொடுக்குமா? நல்ல நாளில் மட்டும் செய்ய முடிகிற பயிற்சி பாதிப் பயிற்சிதான்.
- படுத்தோ நாற்காலியிலோ செய்யலாமா? சம்மணமிட்டே ஆக வேண்டும் என்றால் முழங்கால்காரர்கள் பாதிப்பேர் வெளியே.
- பணம் எவ்வளவு, கணக்கில் வராத செலவு எவ்வளவு? பயணம், விடுப்பு, மறுநாள் ஏறும் வலி எல்லாம் செலவுதான்.
- தவறாகப் போனால் கவனிக்க ஆள் இருக்கிறாரா?
- எட்டு வாரம் தொடர முடியுமா?

கடைசிக் கேள்விதான் பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது.

| | ஒலிப்பதிவு, ஆப் | ஆசிரியருடன் எட்டு வாரம் | தானே எண்ணும் மூச்சு | பத்து நாள் முகாம் |
|---|---|---|---|---|
| உச்ச வலியில் | போன் தேட வேண்டும் | பழகிய பின் உதவும் | முன்பே பழகியிருந்தால் உடனே உதவும் | பொருந்தாது |
| உடல் நிலை | எப்படியும் | எப்படியும் | எப்படியும் | நீண்ட நேரம் உட்கார வேண்டும் |
| பணம் | இலவசம் முதல் ஆண்டுச் சந்தா வரை | அதிகம் | இல்லை | கட்டணமில்லை, நன்கொடை மட்டும் |
| மறைமுகச் செலவு | விளம்பரம், திரை, சார்ந்திருத்தல் | பயணம், தினமும் 45 நிமிடம் | சலிப்பு, தவறான மூச்சு | விடுப்பு, வலி கூடும் அபாயம் |
| கவனிக்க ஆள் | இல்லை | உண்டு | இல்லை | உண்டு, வலி நிபுணர் அல்ல |

## ஒலிப்பதிவும் ஆப்பும்

பெரும்பாலோர் தொடங்குவது இங்கேதான். அது சரியும்கூட. வலியில் இருக்கும் மனம் இரண்டு மூச்சுக்கு மேல் ஓரிடத்தில் நிற்காது. ஒரு குரல் இருபது நொடிக்கொரு முறை அதைத் திருப்பி அழைத்து வருவது முதல் சில வாரங்களில் பெரிய உதவி. இன்சைட் டைமர் போன்ற ஆப்பில் இலவசமாகவே ஏராளம் கிடைக்கிறது. ஹெட்ஸ்பேஸ், காம் போன்றவற்றில் பெரும்பகுதி சந்தாவுக்குள். இலவசச் சோதனைக் காலம் முடிந்ததும் அட்டையிலிருந்து ஆண்டுத் தொகையைத் தானாக எடுத்துக்கொள்வார்கள். சேர்ந்த அன்றே ரத்து செய்யும் தேதியைப் போனில் நினைவூட்டலாகப் போட்டு வையுங்கள்.

பதிவைத் தேர்ந்தெடுக்கும்போது குரல் இனிமையாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். அதைவிட முக்கியமானவை இவை. நீளம் 10 முதல் 15 நிமிடத்துக்குள் இருக்க வேண்டும். வாக்கியங்களுக்கு நடுவே குறைந்தது இரண்டு மூச்சளவு மௌனம் வேண்டும். ஓயாமல் பேசுகிற பதிவில் மூச்சைக் கவனிக்கவே இடமிருக்காது. "உங்கள் வலி கரைந்து மறைகிறது" என்று அறிவிக்கும் பதிவு வேண்டாம். மறையாதபோது, நம்மிடம்தான் ஏதோ கோளாறு என்று தோன்றும். "அசையாதீர்கள்" என்று அதட்டுவதும் வேண்டாம். நிமிடத்துக்கு நாலு முறை "ஆழ்ந்து மூச்சை இழுங்கள்" என்பதும் வேண்டாம். காரணம் கீழே வருகிறது.

தமிழ்ப் பதிவுகளில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பல காணொளிகள் தியானம் என்று தொடங்கி, நடுவில் கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேக மூச்சு, கும்பகம் எனும் மூச்சடக்கல் என்று தாவிவிடுகின்றன. வேகமாக வயிற்றை உதறும் மூச்சு வயிற்றுக்குள் அழுத்தத்தைக் கூட்டும். டிஸ்க் விலகல், குடலிறக்கம், உயர் ரத்த அழுத்தம், கண் அழுத்தம் உள்ளவர்களுக்கும் அண்மையில் அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கும் அது ஆகாது. பதினாறு எண்ணும்வரை இழுத்து, அறுபத்துநான்குவரை அடக்கி, முப்பத்திரண்டுவரை விடுவது என்று திருமந்திரம் சொல்லும் கணக்கு யோகப் பாதையில் நெடுங்காலம் பயின்றவர்களுக்கானது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பவர் அதை முயல வேண்டியதில்லை.

யூடியூபில் இருக்கும் மிகப் பெரிய தொல்லை விளம்பரம். பதினோராம் நிமிடத்தில் உடம்பு தளர்ந்து வரும்போது உச்சக் குரலில் நகைக்கடை விளம்பரம் வந்தால், தோள் இரண்டும் காதுவரை ஏறும். ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்குத் திரை வெளிச்சமே தூண்டுதல். தரவிறக்கிய ஒலியை, ஏரோபிளேன் மோடில், திரையைக் கவிழ்த்து வைத்துக் கேளுங்கள்.

இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. ஏனோ பலர் யோசிப்பதில்லை. போனில் இருக்கும் ரெக்கார்டரில் நீங்களே, அல்லது உங்களுக்குப் பிடித்த குரலுள்ள வீட்டார் ஒருவர், பதிவு செய்யலாம். பன்னிரண்டு நிமிடத்துக்கு இந்த வரிசை போதும்:

1. முதல் 2 நிமிடம்: உடம்பு தரையையோ நாற்காலியையோ தொடும் இடங்கள். குதிகால், தொடை, முதுகு, தலை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம், பிறகு இரண்டு மூச்சு மௌனம்.
2. அடுத்த 4 நிமிடம்: மூச்சு எங்கே தெளிவாகத் தெரிகிறதோ அந்த இடம். "உள்ளே வருகிறது… வெளியே போகிறது." அரை நிமிடத்துக்கு ஒரு முறை சொன்னால் போதும்.
3. அடுத்த 3 நிமிடம்: வலி இருக்கும் பகுதியின் ஓரத்துக்குக் கவனத்தைக் கொண்டுபோய், மூன்று மூச்சு அங்கே இருந்துவிட்டு, மறுபடி மூச்சுக்கு வருவது. இப்படி மூன்று நான்கு முறை.
4. அடுத்த 2 நிமிடம்: மூச்சு மட்டும்.
5. கடைசி நிமிடம்: விரல்களை அசைத்து, ஒருக்களித்துப் படுத்து, கையை ஊன்றி எழுவது. முதுகு வலிக்காரர் மல்லாந்த நிலையிலிருந்து நேராக எழுந்தால் கிடைத்த பலன் அந்த இடத்திலேயே போய்விடும்.

மூன்றாவது படிதான் வலிக்கான பயிற்சியின் உயிர். முதல் வாரம் அதை விட்டுவிடலாம். சேர்க்கும்போது வலியின் நடுவுக்குப் போகாமல் ஓரத்தில் நிற்பது முக்கியம். எரிச்சலா, குத்தலா, இழுப்பா, துடிப்பா என்று பெயர் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும்.

யாருக்குப் பொருந்தும்: புதிதாகத் தொடங்குபவர்கள், வெளியே போக முடியாதவர்கள், படுக்கையில் தூக்கம் வராமல் புரள்பவர்கள். யாருக்குப் பொருந்தாது: ஒரு பதிவை இரண்டு நாள் கேட்டுவிட்டு அடுத்ததைத் தேடும் சுபாவமுள்ளவர்கள். இவர்கள் ஆப்பில் செலவிடும் நேரத்தில் பாதி, தேடுவதிலேயே போகும். ஒரே பதிவை இரண்டு வாரம் மாற்றாமல் கேட்பது என்று முடிவு செய்துகொண்டால் தப்பிக்கலாம்.

## தானே எண்ணி விடும் மூச்சு

இது தியானம் என்பதைவிட உடலியக்கத்தை நேராகத் தொடும் கருவி. ஓய்வாக இருக்கும் பெரியவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு விடுகிறார். அதை ஆறு மூச்சுக்குக் குறைத்து, வெளிமூச்சை நீட்டினால், இதயத் துடிப்பு மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்கத் தொடங்குகிறது. மூளையிலிருந்து இதயம், நுரையீரல், வயிறுவரை போகும் வேகஸ் நரம்பின் வழியாக உடம்பு அமைதிப் பக்கம் சாய்கிறது.

முறை: மூக்கு வழியாக 4 நொடி உள்ளே, 6 நொடி வெளியே. நடுவில் அடக்க வேண்டாம். ஒரு சுற்றுக்கு 10 நொடி, பத்து நிமிடத்துக்கு 60 மூச்சு. நாலு–ஆறு கணக்கில் மூச்சு முட்டுவதுபோல் இருந்தால் மூன்று–நான்கில் தொடங்கி, வாரத்துக்கு ஒரு நொடி கூட்டுங்கள். கடிகாரம் வேண்டாம், மனதுக்குள் எண்ணினால் போதும். வலதுகைப் பெருவிரலால் விரல் கணுக்களைத் தொட்டுக்கொண்டே போனால் நான்கு விரலுக்குப் பன்னிரண்டு மூச்சு, அதாவது இரண்டு நிமிடம்.

இதில் எல்லோரும் செய்யும் பிழை, மெதுவாக விடச் சொன்னால் ஆழமாக இழுப்பது. மெதுவான மூச்சு, பெரிய மூச்சாக இருக்க வேண்டியதில்லை. தேவைக்கு மேல் காற்றை இழுத்து வெளியேற்றினால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து உதடு, விரல் நுனி மரத்துப்போகும், தலை சுற்றும், நெஞ்சு இறுகும். நரம்பு வலி உள்ளவர்கள் இந்த மரமரப்பை நோய் கூடிவிட்டதாக எண்ணிப் பயந்துவிடுகிறார்கள். அப்படி ஆனால் எண்ணுவதை நிறுத்தி, இரண்டு நிமிடம் இயல்பாக மூச்சு விடுங்கள், சரியாகிவிடும். அடுத்த முறை அளவைக் குறையுங்கள்: பக்கத்தில் இருப்பவருக்கு உங்கள் மூச்சு கேட்கக் கூடாது. ஆஸ்துமா, நுரையீரல் அடைப்பு நோய், இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

வலி சுரீரென்று ஏறும் நேரத்துக்கு இதற்கு நிகர் வேறில்லை. பேருந்தில், வரிசையில், எம்.ஆர்.ஐ. எந்திரத்துக்குள், பிசியோதெரபி மேசையில், எங்கும் செய்யலாம். ஆனால் ஒரு எல்லை இருக்கிறது. 2010இல் வெளியான ஆய்வொன்றில் ஃபைப்ரோமயால்ஜியா உள்ள பெண்களும் நலமான பெண்களும் வழக்கமான வேகத்தில் பாதியாக மூச்சைக் குறைத்தபடி வெப்ப வலியைத் தாங்கினார்கள். நலமானவர்களுக்கு வலி குறைந்தது. நோயுள்ளவர்களில் மன உற்சாகம் ஓரளவு இருந்தவர்களுக்கே பலன் தெரிந்தது. மனம் சோர்ந்து கிடப்பவருக்கு எண்ணிக்கை மட்டும் போதாது என்றுதான் இதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு மறைமுகச் செலவு சலிப்பு. தினமும் தனியாக அறுபது மூச்சு எண்ணுவதை மூன்றாம் வாரத்துக்கு மேல் தொடர்கிறவர்கள் குறைவு.

## ஆசிரியருடன் எட்டு வாரம்

1979இல் தியானம் பயின்ற அமெரிக்க அறிவியலாளர் ஜான் கபாட்-ஜின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். மருத்துவத்தால் முழுத் தீர்வு கிடைக்காத நாள்பட்ட வலிக்காரர்கள் அங்கே வந்தார்கள். எம்.பி.எஸ்.ஆர். (விழிப்புணர்வுத் தியானத்தால் மன அழுத்தம் குறைக்கும் பயிற்சி) என்று இன்று அறியப்படும் அந்தத் திட்டம் எட்டு வாரம். வாரத்துக்கு இரண்டரை மணி நேர வகுப்பு, இடையில் ஒரு முழு நாள், வீட்டில் தினமும் ஏறத்தாழ 45 நிமிடம். மூச்சு, படுத்தபடி உடலை அங்கம் அங்கமாகக் கவனிப்பது, மென்மையான அசைவு மூன்றும் கலந்தது.

இந்த நான்கில் வலிக்கான சான்று வலுவாக இருப்பது இதற்குத்தான். 2016இல் வெளியான அமெரிக்க ஆய்வில் நாள்பட்ட கீழ்முதுகு வலியுள்ள 342 பேரை மூன்று குழுவாகப் பிரித்துப் பார்த்தார்கள். 26 வாரத்தில் அன்றாடச் செயல்பாட்டில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டவர்கள் இந்தப் பயிற்சியில் 60.5 சதவீதம், எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் 57.7, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 44.1. அடுத்த ஆண்டு அமெரிக்க மருத்துவர் கல்லூரி, நாள்பட்ட முதுகு வலிக்கு மாத்திரைக்கு முன் முயல வேண்டியவற்றில் இதையும் சேர்த்தது. ஆனால் அதே ஆய்வில் வகுப்புகளுக்கு ஒதுக்கப்பட்டவர்களில் எட்டில் ஆறு வகுப்புக்காவது வந்தவர்கள் பாதிக்குச் சற்று மேல்தான் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

காரணம் எளிது. தினமும் 45 நிமிடம் என்பது சமையலும் வேலையும் பிள்ளைகளும் உள்ள வீட்டில் பெரிய கேள்வி. இரண்டரை மணி நேரம் ஓரிடத்தில் இருப்பதும் அங்கே போய் வருவதும் வலியைக் கூட்டும். இணைய வழி வகுப்பு பயணத்தை மிச்சப்படுத்தும், படுத்துக்கொண்டே கலந்துகொள்ளலாம். கட்டணம் ஆசிரியருக்கு ஆசிரியர் பெரிதும் மாறுகிறது. சேரும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: எட்டு வாரப் பயிற்சியாசிரியராக எங்கே பயின்றீர்கள்? நாள்பட்ட வலியுள்ளவர்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறீர்களா? வகுப்பு நடுவே எழுந்து நடக்கலாமா, படுக்கலாமா? மூன்றாவதற்குத் தயங்குகிற இடத்தில் சேராதீர்கள்.

கட்டணம் கட்டுபடியாகாதவர்களுக்கு: சென்னை அரும்பாக்கத்தில் அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. எம்.பி.எஸ்.ஆர். அல்ல என்றாலும், மருத்துவக் கோப்பைப் பார்த்து, எந்த மூச்சுப் பயிற்சி உங்களுக்கு ஆகாது என்று சொல்லத் தெரிந்த மருத்துவர்கள் அங்கே உண்டு.

வலியைவிட வலி வந்துவிடுமோ என்ற பயம் பெரிதாகி, நடப்பதையும் குனிவதையும் விசேஷங்களுக்குப் போவதையும் விட்டுவிட்டவர்களுக்கு இந்தச் செலவு தகும். தனியாகப் பதிவு கேட்பதில் இந்தப் பயம் தட்டுப்படவே வழியில்லை. கேள்வி கேட்க ஒருவரும், அதே வலியோடு பக்கத்தில் பத்துப் பேரும் இருக்கும்போதுதான் அது வெளியே வருகிறது.

## பத்து நாள் முகாம்

தியான ஆசிரியர் எஸ்.என். கோயங்கா மரபின் விபஸ்ஸனா முகாம்கள் நன்கு அறியப்பட்டவை. சென்னைக்கு அருகே திருமுடிவாக்கத்திலும் மையம் உண்டு. கட்டணம் கிடையாது. முதல் மூன்று நாள் மூக்கருகே மூச்சைக் கவனிக்கும் ஆனாபானா, பிறகு உடல் உணர்வுகளைக் கவனிப்பது. காலை 4 மணிக்கு மணி அடிக்கும். நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் வரை அமர்வு, பேச்சில்லை, போனில்லை. முகாமின் பிற்பகுதியில் ஒரு மணி நேரம் நிலை மாற்றாமல் உட்காரும் அமர்வுகளும் சேரும்.

கோயங்காவே கடும் ஒற்றைத் தலைவலிக்கு நிவாரணம் தேடித்தான் 1955இல் பர்மாவில் தியான ஆசிரியர் ஊ பா கினிடம் போனார். தலைவலி தீர்வதற்காக மட்டும் வருவதானால் வேண்டாம் என்று முதலில் திருப்பி அனுப்பப்பட்டார். முகாமை வலிச் சிகிச்சையாக எண்ணி விண்ணப்பிக்கிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

நாற்காலி கேட்டால் கிடைக்கும். இருந்தும், தினமும் பத்து நிமிடம்கூடப் பழகாத ஒருவர் முடக்குவாதத்தோடு நேரே அங்கே போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உட்கார்ந்தே வலி கூடி நாலாம் நாள் கிளம்பிவிட்டால், "நமக்குத் தியானம் வராது" என்ற முடிவோடுதான் வீடு திரும்புவார்கள். விண்ணப்பத்தில் உடல்நிலை, மனநிலை, மருந்துகள் எல்லாவற்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். கடும் மனச்சோர்வு, பீதித் தாக்குதல், பழைய அதிர்ச்சியின் பாதிப்பு உள்ளவர்கள் மனநல மருத்துவர் சொல்லாமல் போகக் கூடாது.

ஆறு மாதமாவது வீட்டில் பழகி, அரை மணி நேரம் நாற்காலியில் சிரமமின்றி அமர முடிகிறவர், ஆழமாகப் போக விரும்பினால், அப்போது இது நல்ல தேர்வு.

## எதைத் தேர்ந்தாலும் உடம்பை வைக்கும் விதம்

- கீழ்முதுகு வலி: மல்லாந்து படுத்து முழங்காலுக்கு அடியில் தலையணை, அல்லது கெண்டைக்கால்களை நாற்காலி மேல் ஏற்றி வைப்பது.
- கழுத்து, தோள் வலி: நாற்காலி, இரு முன்கைகளுக்கும் அடியில் தலையணை. கை தொங்கினால் தோள் இழுக்கும்.
- முழங்கால் வலி: பாதம் தரையில் பதியும் உயரமுள்ள நாற்காலி. சம்மணம் வேண்டாம்.
- வயிற்று வலி, மாதவிடாய் சார்ந்த நாள்பட்ட வலி: வயிற்றைக் கவனிக்காமல் நாசித் துவாரத்தைக் கவனிப்பது.
- சைனஸ், ஒற்றைத் தலைவலி: இதற்கு நேர்மாறாக வயிறு.
- விலா எலும்பு வலி, மூச்சைக் கவனித்தாலே பதற்றம் வருகிறவர்கள்: கண்ணைத் திறந்தபடி உள்ளங்கை, பாதம், அல்லது மின்விசிறிச் சத்தம். மூச்சைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று கட்டாயமில்லை.

வலிக்காக ப்ரீகாபாலின், காபாபென்டின், அமிட்ரிப்டிலின் மாத்திரை எடுப்பவர்கள் இரவு மாத்திரைக்குப் பிறகு பயிற்சி செய்தால் அது தூக்கமாகவே முடியும். தூக்கம்தான் வேண்டும் என்றால் நல்லது. பழகுவதற்கு என்றால் மாத்திரைக்கு முன் செய்யுங்கள். பலன் தெரிந்ததும் இவற்றையோ ஸ்டீராய்டையோ டிரமடால் போன்ற ஓபியாய்டையோ தானாக நிறுத்துவது ஆபத்து. குறைப்பது மருத்துவர் கையில்.

## எதில் தொடங்குவது

பெரும்பாலோருக்கு நான் சொல்வது: முதல் நான்கு வாரம் தினமும் ஒரே நேரத்தில் ஒரே பதிவு, 10 முதல் 12 நிமிடம். கூடவே வலி இல்லாத அல்லது குறைந்த நேரத்தில் இரண்டு நிமிடம் எண்ணும் மூச்சு, நாளுக்கு மூன்று முறை. வலி ஏறிய பிறகு முதன்முதலாக எண்ணத் தொடங்கினால் பலிக்காது. ஐந்தாம் வாரத்திலிருந்து ஒரு நாள் பதிவோடு, ஒரு நாள் பதிவில்லாமல். குரலில்லாமல் ஐந்து நிமிடம் இருக்க முடிகிறதா என்பதே ஆப் சந்தாவைப் புதுப்பிக்க வேண்டுமா என்பதற்கும் விடை.

வாரத்துக்கு ஒரு முறை, ஞாயிறு இரவு என்று வைத்துக்கொள்ளுங்கள், நாட்காட்டியில் மூன்று எண்கள் எழுதுங்கள்: வலி பத்துக்கு எத்தனை, அது படுத்தும் பாடு பத்துக்கு எத்தனை, எத்தனை நிமிடம் தொடர்ந்து நிற்கவோ உட்காரவோ முடிகிறது. தினமும் எழுத வேண்டாம். வலியை அளந்துகொண்டே இருப்பதும் வலியை வளர்க்கும். முதல் இரண்டு வாரம் வலி கூடியதுபோலத் தோன்றலாம், இதுவரை கவனத்தைத் திருப்பி ஓட்டியதை இப்போது நேராகப் பார்ப்பதால். எட்டு வாரம் முடிந்தும் முதல் எண் அசையாமல் மற்ற இரண்டும் நகர்ந்திருந்தால் தொடருங்கள். மூன்றும் அப்படியே இருந்தால் ஆசிரியர் இருக்கும் வகுப்புக்கு மாறுங்கள். இரண்டாவது எண் ஏறிக்கொண்டே போனாலோ, வாழ்வதில் பொருளில்லை என்ற எண்ணம் வந்தாலோ தியானத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் பேசுங்கள். 14416 என்ற டெலி மனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.